மிதவைத் தளமும் ஆறு தேங்காய்களும்

நங்கூரமிட்டு நிற்கும் ஓர் உல்லாசப் படகின் பின்னால் கட்டி மிதக்கவிடுவதற்கான காற்றடைத்த தளங்கள், சறுக்குகள், துடுப்புப் பலகைகள் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து வாங்குவது என் வேலையின் ஒரு பகுதி. கொல்லயில் ஊரில் எங்கள் தெருவில் இதை விளக்குவது எளிதல்ல என்பதால், "படகுக் கம்பெனியில பர்ச்சேஸ்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அம்மாவுக்கு அது போதாது. யாராவது கேட்டால், "பலூன் வாங்குத வேலையாக்கும் அவளுக்கு" என்று சேர்த்துச் சொல்லிவிடுவாள். சமூகப்பணியில் முதுகலை படித்தவள் விடுமுறைக்கு வருபவர்களின் விளையாட்டுப் பொருள்களுக்காக நாளெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டிருப்பது சரிதானா என்ற கேள்வி எனக்கும் உண்டு. இன்னும் பதில் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பொருள்களின்மேல் மனிதர்கள் ஏறி உட்காருகிறார்கள், அவற்றை நம்பிச் சிலருக்கு வேலை இருக்கிறது என்பது எனக்கு ஒரு கோடைகாலத்தில் நன்றாகப் புரிந்தது.

எங்கள் உரிமையாளர் சரக்குக் கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். செங்கல் என்ற ஊரில் அவருடைய குடும்ப வீட்டின் முன்னறைதான் அலுவலகம், கார் ஷெட்தான் கிடங்கு. படகு விழிஞ்ஞம் துறைமுகத்தில் நிற்கும். ஓணம் கழிந்ததும் தொடங்கும் சீசன், கடல் கலங்குவதற்கு முன் மே மாதக் கடைசியில் முடியும். பிறகு விளையாட்டுப் பொருள்களைக் கழுவி, உலர்த்தி, மடித்து, வேனில் செங்கலுக்குக் கொண்டுவருவார்கள்.

அந்தப் பொருள்கள் அனைத்தும் படகில் ஒருவரின் பொறுப்பில் இருந்தன. பொழியூர்க்காரர். இருபது வருடம் வள்ளத்தில் மீன் பிடித்தவர். வலை இழுத்து இழுத்து வலது தோள் கெட்டுப்போய், இனி வலையைத் தொடக்கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகு எங்களிடம் வந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னைச் சாறே என்பார். எங்கள் பக்கத்தில் ஆணோ பெண்ணோ, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் சாறுதான்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் அந்தச் சம்பவம் நடந்தது. விருந்தினர்களில் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார் மிதவைத் தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, கால்களைத் தண்ணீரில் விட்டபடி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே தளத்தின் ஓர இணைப்பு ஒரு முழ நீளத்துக்குப் பிரிந்தது. வெடிச்சத்தம் எதுவும் இல்லை. காற்று ஒரே சீராக வெளியேற, தளம் மெதுவாகச் சாய்ந்து அவரைக் கடலில் இறக்கிவிட்டது. அவர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருந்தார். பொழியூர் அண்ணன் உடனே குதித்து, இடது கையால் அவரைப் பிடித்துப் படகின் ஏணிக்குக் கொண்டுவந்தார். அவ்வளவு நேரமும் அந்த அம்மையார் தேநீர்க் குவளையை விடவில்லையாம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அவருடைய பேரன் முழுவதையும் கைபேசியில் படம் பிடித்திருந்தான்.

திங்கட்கிழமை உரிமையாளர் என்னை அழைத்தார். மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் குப்பி இருந்தது. பாதி அளவு தேங்காய் எண்ணெய்.

"விளையாட்டுச் சாமான் வைக்கிற பெட்டியில இருந்து எடுத்ததாக்கும் இது," என்றார். "அந்தத் தளத்துக்கு ஓரம் முழுக்க எண்ணெய் தேச்சு வச்சிருக்கான். சிரிக்கணுமா அழணுமான்னு தெரியல்ல, மோளே."

"அவர் என்ன சொல்றார், சார்?"

"தேச்சேன்னு சொல்லுதான். வேற ஒண்ணும் சொல்லல்ல. அந்தப் பெரியம்மாவுக்கு வல்லதும் ஆயிருந்தா நான் யாருட்ட போய் பதில் சொல்லுவேன்? சீசன் முடியட்டும். ஓணம் கழிஞ்சு அவன் வேண்டாம். நீ புதுசு பாரு. நல்ல உறப்புள்ளதா வாங்கணும்."

"சரி சார்," என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

பிப்ரவரியில் ஒருநாள் அண்ணன் என்னைக் கைபேசியில் அழைத்திருந்தார். "சாறே, தளத்துக்க வால்வு உப்பு பிடிச்சு இறுகிப்போச்சு. திருகினா திரும்ப மாட்டங்குது. என்ன செய்ய?" அப்போது நான் வீட்டுச் சமையலறையில் குக்கரின் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுப் பாருங்கண்ணா," என்றேன். கதவுக் கீல், பள்ளிப் பையின் ஜிப், தையல் மிஷின், துருப்பிடித்த பூட்டு என்று இறுகியது எதுவானாலும் எங்கள் வீடுகளில் கை முதலில் எண்ணெய்க் குப்பியைத்தான் தேடும். அதற்கு யோசனையே தேவைப்படுவதில்லை. நானும் யோசிக்கவில்லை. அந்தத் தளத்துடன் வந்த பராமரிப்புத் தாளில் எந்த எண்ணெயும் படக்கூடாது என்று எழுதியிருந்தது. அதைக் கோப்பில் சேர்த்தவள் நான்தான். கடைசிப் பக்கம் வரை படிக்காமல் சேர்த்திருந்தேன்.

இதை அன்றே உரிமையாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தளம் பிரிந்ததற்கு எண்ணெய்தான் காரணமா என்று முதலில் உறுதிப்படுத்திக்கொள்வோம், தெரியாததைச் சொல்லி யாருக்கும் பயனில்லை என்று எனக்கு நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன். அது நியாயம்தானா, அல்லது என் வேலையைப் பற்றிய பயம் நியாயத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்ததா என்று இப்போதும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் கலந்தே இருந்திருக்கும்.

புதியவற்றைத் தேடத் தொடங்கினேன். முந்தைய முறை நான் விற்பனையாளர்களிடம் கேட்டது ஒரே கேள்வி: மேல்தோல் எவ்வளவு தடிமன்? குளத்தில் விளையாடும் மெல்லிய பொம்மைகள் கடலுக்கு ஆகாது, தடித்த பி.வி.சி. வேண்டும் என்ற அளவுக்கு எனக்குத் தெரியும். உள்ளே ஆயிரக்கணக்கான நூல்கள் மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்திருக்கும் வகைதான் பலகை போல் விறைப்பாக நிற்கும் என்பதும் தெரியும். இப்போது பிரிந்த தளத்தைக் கார் ஷெட்டில் விரித்துப் போட்டுப் பார்த்தேன். மேல்தோலில் ஒரு குறையும் இல்லை. உள்ளே நூல் ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. தோலும் தோலும் சேரும் ஓரத்தில் மட்டும் பசை மஞ்சளித்து, விரல் நகத்துக்கே உதிர்ந்து வந்தது. எண்ணெய் படாத இடத்திலும் அப்படித்தான் இருந்ததா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆனால் எங்கே பட்டிருந்தது, எங்கே படவில்லை என்று அந்தத் தளம் முழுவதும் மினுங்கிய மினுக்கத்தில் சொல்ல இயலவில்லை. அடியில் ஒரு மூலையைத் தவிர.

விற்பனையாளர்களிடம் இந்த முறை வேறு விதமாகக் கேட்டேன்: ஓரங்களை எப்படி இணைக்கிறீர்கள்? ஒருவர் கேள்வியே புரியாதது போல், "ஆனை ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆவாது மேடம்," என்றார். எங்கள் படகில் யானை ஏறுவதில்லை, வெயில்தான் ஏறுகிறது என்று எழுத நினைத்து, பிறகு அடக்கிக்கொண்டு, ஓரம் சேர்ந்த ஒரு துண்டை அனுப்பச் சொன்னேன். மற்றொருவர் தங்கள் ஓரங்கள் பசையால் ஒட்டப்படுவதில்லை, வெப்பக் காற்றில் உருக்கி ஒன்றாக்கப்படுகின்றன என்று விளக்கி, கேட்காமலே துண்டு அனுப்பினார். விலை கூடுதல் என்பதையும் முதல் வரியிலேயே சொல்லியிருந்தார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

மே மாத முதல் வாரத்தில், வீட்டு மொட்டை மாடியில் துணி காயும் கம்பியில் ஆறு துண்டுகளைக் கட்டினேன். பழைய தளத்தின் எண்ணெய் படாத மூலையிலிருந்து நான்கு. அவற்றில் இரண்டுக்கு நானே எண்ணெய் தடவினேன், இரண்டை அப்படியே விட்டேன். ஐந்தாவது, பசையால் ஒட்டிய புதிய துண்டு. ஆறாவது, உருக்கி இணைத்தது. ஒவ்வொன்றின் ஓரத்தையும் இரு பக்கமும் இழுக்கும்படி, கீழே உரித்த தேங்காய் ஒன்றைத் தொங்கவிட்டேன். காலையும் மாலையும் உப்புத் தண்ணீர் தெளித்தேன். இது ஆய்வகத்துச் சோதனை அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் படகின் பின்புறமும் ஆய்வகம் அல்ல.

அம்மா கொப்பரை கிளற மாடிக்கு வந்தாள்.

"இது என்னத்த? தேங்காய்க்குத் தூக்குத் தண்டனையா?"

"சோதனை அம்மா."

"தேங்காய்க்கா?"

"தேங்காய் எண்ணெய்க்கு."

"அது என்ன குத்தம் செஞ்சுது? உனக்க தலைக்கு அதுதானே போடுத." கொப்பரையை நிழல் படாத பக்கமாகத் தள்ளிவிட்டு, "செரி, நல்ல காய் ரெண்டு இருக்கு அதுல. முடிஞ்சதும் கறிக்குத் தா," என்று இறங்கிப் போனாள்.

நான்காம் நாள் எண்ணெய் தடவிய துண்டுகளில் ஒன்று பிரிந்தது. காலையில் மாடிக்குப் போனபோது தேங்காய் கொப்பரைக் குவியலின் நடுவில் கிடந்தது. மாலைக்குள் இரண்டாவதும் விழுந்தது. எண்ணெய் படாதவை அசையவில்லை. தளம் பிரிந்ததற்கும் நான் கைபேசியில் சொன்ன யோசனைக்கும் இடையில் இருந்த கடைசித் திரையும் விலகிவிட்டது போலிருந்தது.

அதற்கு மறுநாள் அண்ணன் செங்கல் கிடங்குக்கு வந்தார். சீசன் முடியப்போகிறது, பம்புகளையும் துடுப்புகளையும் ஒப்படைத்துவிட்டுப் போக வந்திருந்தார். உரிமையாளர் விழிஞ்ஞத்துக்குப் போயிருந்தார். ஷெட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"எண்ணிக்கிடுங்க சாறே. பம்பு மூணு, துடுப்பு எட்டு. ஒரு துடுப்புக்கு நுனி ஒடிஞ்சது, அது நான் ஒடிச்சதில்ல, கோட்டயத்து மாப்பிள்ளை ஒருத்தர் திருக்கையை அடிக்கப் போய் ஒடிச்சதாக்கும்."

"திருக்கைக்கு என்னாச்சு?"

"அது சிரிச்சிட்டுப் போச்சு."

நான் சிரிக்கவில்லை. "அண்ணா, எண்ணெய் விடச் சொன்னது நான். அதை ஏன் சாரிடம் சொல்லல்ல?"

அவர் ஒடிந்த துடுப்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். "நீங்க சொன்னது வால்வுக்கு. ரெண்டு சொட்டு. நான் அதோட நிறுத்தினேனா? ஓரமெல்லாம் உப்பு வெளுத்துக் கிடந்துது. ஒரு தடவை தேச்சப்ப பளபளன்னு ஆச்சு. பின்ன ஒவ்வொரு சனிக்கெழமையும் தேச்சேன். கல்யாணப் பொண்ணு மாதிரி இருந்துதுன்னு வையுங்க. எனக்க கைக்க வேலைக்கு உங்க பேரு எதுக்கு?"

"ஓணத்துக்கு அப்புறம் என்ன செய்யப் போறீங்க?"

"மச்சான் வள்ளத்துல கூப்பிடுதான்."

"தோள்?"

"தோளும் கூடவே வரும், வேற எங்க போவும்?" என்றார். பிறகு, கொஞ்சம் தாழ்ந்த குரலில், "ரெண்டு மாசம் தாங்கும் மக்கா. அதுக்கு மேல தாங்காது. வீட்டுல இன்னும் சொல்லல்ல," என்றார்.

அன்று மாலை உரிமையாளர் திரும்பியதும் சொல்லிவிட்டேன். பிப்ரவரி அழைப்பு, படிக்காத தாள், மாடியில் தொங்கும் தேங்காய்கள், நான்காம் நாள் பிரிந்த இரண்டு துண்டுகள், எல்லாவற்றையும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப எண்ணெய்தான்," என்றார்.

"ஆமா சார். எண்ணெய் விடச் சொன்னது நான்தான்."

"நீ வால்வுக்குச் சொன்னே. தேச்சது அவன். நீ வந்து சொன்னது நல்லது. ஆனா மத்த பணிக்காரங்க முன்னாலதான் அவனை வேண்டாம்னு சொன்னேன். அதை இப்ப எப்படி மாத்துவேன்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு ஸ்கூட்டரில் திரும்பும்போது, உண்மையைச் சொன்ன நிம்மதி எனக்கு மட்டும்தான் கிடைத்திருக்கிறது, தோளும் வேலையும் அவருக்கு இருந்த இடத்திலேயே இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன். நான் அந்தத் திங்கட்கிழமையே சொல்லியிருந்தால், வேண்டாம் என்ற அந்தச் சொல் மற்றவர்கள் காதில் விழுவதற்கு முன்பே நின்றிருக்கும்.

ஏழாம் நாள், எண்ணெய் படாத பழைய துண்டுகளில் ஒன்று பிரிந்து விழுந்தது. எட்டாம் நாள் மற்றொன்று. பத்தாம் நாள், பசையால் ஒட்டிய புதிய துண்டின் ஓரம் நகக்கண் அளவுக்கு வாய் திறந்திருந்தது. அதில் எண்ணெய் படவே இல்லை. உருக்கி இணைத்த துண்டு மட்டும் முதல்நாள் இருந்தபடியே, தன் தேங்காயைப் பிடித்துக்கொண்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

உரிமையாளரைக் கைபேசியில் அழைத்து, முடிந்தால் மாடியை வந்து பார்க்கும்படி கேட்டேன். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். அம்மா கொடுத்த, பால் விடாத கட்டன் சாயாவைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, ஒவ்வொரு துண்டையும் எடுத்து, ஓரத்தைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எஞ்சின் அறையில் நாற்பது வருடம் இருந்த விரல் அது. கேள்விகளும் அப்படித்தான் வந்தன: எந்தத் துண்டு எந்த மூலையிலிருந்து எடுத்தது, அதில் எண்ணெய் இல்லை என்று எப்படித் தெரியும், தேங்காய்களின் எடையெல்லாம் ஒன்றா.

"ஒண்ணுபோலத்தான். நான் பாத்து எடுத்துக் குடுத்தது," என்றாள் அம்மா. அது பொய். அவள் கொடுக்கவில்லை. ஆனால் எடை ஏறக்குறைய ஒன்றுதான்.

"எண்ணெய் மூணு நாள் முந்தி ஆக்கியிருக்கு. அவ்வளவுதான்," என்றார் கடைசியில். "பசை எப்படியும் விட்டிருக்கும். இந்த வெயிலுக்கு அது ஆவாது. எண்ணெய் தேய்க்கல்லன்னா அடுத்த சீசன்ல விட்டிருக்கும்."

"அந்தத் தளத்தைத் தேர்ந்தெடுத்தது நான் சார். தடிமனைப் பார்த்தேன். ஓரத்தைப் பார்க்கல்ல."

"கையெழுத்துப் போட்டது நான். எஞ்சினியர்னு பேரு வேற." சாயாவை ஒரே மூச்சில் குடித்தார். குவளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அன்று அம்மா மூன்று தேங்காய்களை உடைத்தாள்.

கொள்முதல் குறிப்பை அந்த வாரமே எழுதினேன். முன்பு ஐந்து பொருள்கள் இருந்த இடத்தில் மூன்று போதும் என்றேன். இரண்டு மிதவைத் தளங்கள், ஒரு சறுக்கு, எல்லாம் உருக்கி இணைத்த ஓரங்கள் உள்ளவை. கட்டுவதற்கான வளையங்கள் தோலை வலுப்படுத்தும் துணைத் துண்டின்மேல் பதிக்கப்பட்டிருக்க வேண்டும். வெளிர் நிறம்தான் வேண்டும், கறுப்பும் கருநீலமும் வெயிலைக் குடித்துக் காற்றை விரியச் செய்யும். காலைக் குளிர்ச்சியில் முழு இறுக்கத்துக்கு ஊதக்கூடாது. ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், நிழலில் உலர்த்த வேண்டும். பராமரிப்புத் தாள்களை முழுவதும் படித்து, படகில் இருப்பவர்கள் பேசும் மொழியில் எழுதி, பெட்டியின் மூடியின் உட்புறம் ஒட்டுவது என் பொறுப்பு என்றும் சேர்த்தேன். கடைசியில் ஒரு வரி: இவற்றைப் பார்த்துக்கொள்ள, ஒரு முறை தவறு நேர்ந்து அதன் காரணம் அறிந்தவரே தகுந்தவர். அந்த வரியை மூன்று முறை அடித்துவிட்டு நான்காம் முறை விட்டுவைத்தேன். குறிப்பு கையெழுத்தாகித் திரும்பி வந்தபோது, மற்ற வரிகளின் ஓரத்தில் இருந்த சரி அடையாளம் அந்த வரிக்கு எதிரே மட்டும் இல்லை. அடித்தலும் இல்லை.

பழைய தளத்தை எரிக்க நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் புகை யாருடைய நுரையீரலுக்குப் போகும் என்பது தெரிந்தே எரிக்க முடியாது. கழுவித் துண்டுகளாக்கினோம். ஒன்று இப்போது எங்கள் வீட்டு விறகின்மேல் கிடக்கிறது, நான்கு பொழியூருக்குப் போய் வள்ளங்களின் எஞ்சின்களை மழைக்கு மூடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கொண்டுபோனவர் அண்ணன்தான். ஓணத்துக்குப் பிறகு என்ன என்று அவர் கேட்கவில்லை. ஜூலையில் அவர் மச்சான் வள்ளத்தில் போகத் தொடங்கிவிட்டதாக வேன் ஓட்டுநர் சொன்னார்.

ஓணம் கழிந்த வாரம் புதிய பொருள்களை முதல்முறை ஊதிப் பார்க்க விழிஞ்ஞத்துக்குப் போனேன். படகின் பின்தட்டில் உரிமையாளர் முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு வால்வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். துறையின் படிக்கட்டில் அண்ணன் நின்றிருந்தார். வரச் சொல்லி ஆள் போயிருக்கிறது, வந்திருக்கிறார் என்பது பார்த்தவுடன் விளங்கியது. மற்ற பணியாளர்கள் இருவரும் கயிறு சுற்றுவதில் தேவைக்கு மேல் கவனமாக இருந்தார்கள்.

"எடா," என்றார் உரிமையாளர், தலையைத் தூக்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி. "எனக்கு இது திருகத் தெரியல்ல. நீ வந்து பாரு. பெட்டிக்க சாவி அங்க இருக்கு. இனி உனக்கிட்டயே இருக்கட்டும்."

அண்ணன் இறங்கி வந்து, வால்வை ஒரு கால் சுற்று பின்னால் திருப்பி, பிறகு முன்னால் திருகினார். அது சத்தமில்லாமல் இறங்கிப் பொருந்தியது. தளம் மெல்ல எழுந்தது. விறைப்பதற்குச் சற்று முன்பே பம்பை நிறுத்தினார். "இது போதும். மிச்சத்தை வெயில் ஊதிக்கிடும்," என்றார். பிறகு ஓரத்தைச் சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே, மெதுவாக, ஒரு முழுச் சுற்று வந்தார்.

மதியம் சாப்பிட்ட பிறகு அவர் படகின் முன்பக்கம் தனியாக உட்கார்ந்து வலது தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இரண்டு மாதக் கடல் அந்தத் தோளில் தெரிந்தது, கையை முழுதாகத் தூக்க முடியவில்லை. தேய்த்து முடித்ததும் குப்பியைத் தன் சோற்றுப் பையில் போட்டு மூடினார். சோப்பு எடுத்து வாளித் தண்ணீரில் முழங்கை வரை ஒரு தடவை கழுவினார், மறுபடி கழுவினார், மூன்றாம் தடவையும் கழுவினார். பின்பக்கம் வந்து, தளத்தின் கயிற்றைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மணந்து பாருங்க சாறே," என்றார். "உண்டுன்னா இப்பவே சொல்லிடுங்க."

சோப்பு வாசனைதான் இருந்தது. இல்லை என்றேன். அவர் கயிற்றை அவிழ்த்தார்.